மேஃபிளவரில் எல்லோரும் ஏறி வரவில்லை

வேர்த்தேடல்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சம்பந்தி வீட்டைப் பற்றியவை. பிள்ளைகள் அமெரிக்காவில் மணமுடிக்கிறார்கள். அந்த வீட்டில் யாரோ ஒருவர், "எங்கள் முன்னோர் 1600களிலேயே இங்கே வந்துவிட்டார்" என்கிறார். இங்கே இருப்பவர்களுக்கு அந்த ஆர்வம் தொற்றிக்கொள்கிறது. மாசசூசெட்ஸில் ஒரு சிற்றூர் நூலகத்தின் ஊர்வரலாற்று அறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்களைப் பார்க்க வருகிற கூட்டத்தில் ஒரு பகுதி தவறாமல் எங்கள் அறைக்கும் வந்து முப்பாட்டனைக் கேட்கும். அதனால் எனக்கு இவை பழகிய கேள்விகள்தான்.

கேள்வி: என் மகளின் கணவர் அமெரிக்கர், கனெக்டிகட்காரர். அவருடைய அம்மா, "எங்கள் முன்னோர் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்" என்று அடிக்கடி சொல்வார். பேத்திக்குப் பள்ளியில் வம்ச மரம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் ஐந்து தலைமுறை எனக்கே தெரியும். அவர்கள் பக்கத்தைக் கப்பல் வரைக்கும் எழுதிவிடலாமா? ஆதாரம் கேட்டால் சம்பந்தி தப்பாக நினைப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

தாராளமாகக் கேளுங்கள். நியூ இங்கிலாந்துப் பக்கம் (கனெக்டிகட், மாசசூசெட்ஸ் எல்லாம் சேர்ந்த வடகிழக்கு அமெரிக்கா) இந்தப் பேச்சை எடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நிறுத்துவதுதான் கஷ்டம். சம்பந்தியம்மா கனத்த கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கப்பல் வரைக்கும் எழுதலாமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃபிளவரில் மாசசூசெட்ஸ் கரைக்குக் குடியேற வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஏறக்குறைய பாதிப்பேர் செத்துப்போனார்கள். 1640க்குள் நியூ இங்கிலாந்தில் வந்து இறங்கிய மற்றவர்களோ சுமார் 20,000 பேர். அவர்கள் வந்தது வேறு கப்பல்களில். ஆனால் குடும்பக் கதைகளில் நாளடைவில் எல்லாக் கப்பலுக்கும் மேஃபிளவர் என்றே பெயர் ஆகிவிடும். அதற்காகக் கதையைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. பிழைத்தவர்கள் நன்றாகவே பெருகினார்கள். ஜான் ஹவ்லண்ட் என்ற இளைஞர் நடுக்கடலில் புயலில் தவறி விழுந்து, தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த பாய்மரக் கயிற்றைப் பிடித்துத் தப்பினார். பிறகு அதே கப்பலில் வந்த எலிசபெத் டில்லியை மணந்து பத்துப் பிள்ளைகள் பெற்றார். அதிபர்களாக இருந்த இரண்டு புஷ்களும் அவர் வம்சம்தான்.

நிலம் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? விற்பவர் கையில் உள்ள பத்திரத்தில் தொடங்கி, அவருக்கு யார் கொடுத்தது, அவருக்கு முன்னால் யார் என்று மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் போகிறோம். நடுவில் ஒரு பத்திரம் இல்லையென்றால், மூலப்பத்திரம் எவ்வளவு பழசாக இருந்தாலும் வக்கீல் சரி என்று சொல்ல மாட்டார். வம்சாவளியும் அதே வேலைதான். மேஃபிளவரில் தொடங்கிக் கீழே வரக்கூடாது. பேத்தியில் தொடங்கி மேலே போகவேண்டும்.

மருமகனின் தாத்தா பாட்டியை 1950 சென்சஸில் பிடித்துவிடலாம். 72 ஆண்டு கழித்துத்தான் அந்த ஏடுகளைத் திறப்பார்கள், 1950ஐ 2022இல் திறந்தார்கள். அங்கிருந்து பத்துப் பத்து ஆண்டாகப் பின்னால் போங்கள். 1890இல் மட்டும் ஒரு பள்ளம் வரும். 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் அந்த ஆண்டின் ஏடுகள் ஏறக்குறைய முழுதும் போய்விட்டன. அதைத் தாண்டினால் 1850 வரை, அடிமையாக இல்லாத ஒவ்வொருவர் பெயரும் வீடுவாரியாக இருக்கும். அதற்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். மனைவியும் பிள்ளைகளும் வயதுவாரிக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை.

மறுமுனையிலும் கொஞ்சம் வேலை முடிந்திருக்கிறது. 1897இல் தொடங்கிய மேஃபிளவர் சந்ததியினர் சங்கம், ஒவ்வொரு பயணியின் முதல் ஐந்து தலைமுறையையும் ஆவணங்களோடு சரிபார்த்து நூல்களாக வெளியிட்டிருக்கிறது. அட்டை நிறத்தை வைத்து வெள்ளிப் புத்தகங்கள் என்றே எங்கள் அறையில் பேர். அவை பெரும்பாலும் 1700களின் நடுப்பகுதியோடு நின்றுவிடும். ஆக, மேலேயிருந்து 1750 வரை தயாராக இருக்கிறது, கீழேயிருந்து 1850 வரை சுலபம். நடுவிலுள்ள அந்த நூறு வருஷம்தான் ஆளைக் கொல்லும்.

காரணம், அந்த நூறு வருஷத்தில்தான் எல்லோரும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். கனெக்டிகட்டிலும் மாசசூசெட்ஸிலும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க நிலம் போதவில்லை. அமெரிக்க சுதந்திரத்துக்கான புரட்சிப் போர் முடிந்ததும் வெர்மான்ட், மேற்கு நியூயார்க், ஒஹையோ என்று போனார்கள். உங்கள் சம்பந்தி குடும்பம் கனெக்டிகட்டிலேயே தங்கியிருந்தால் அதிர்ஷ்டம். அங்கே ஊர்க் குமாஸ்தா பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் எழுதிவைத்தார். 1850 வரையிலான அந்தப் பதிவுகளைப் பிரதியெடுத்து அகரவரிசையில் அடுக்கியதுதான் பார்பர் தொகுப்பு. நியூயார்க்குக்குப் போன குடும்பம் என்றால் கஷ்டகாலம். அங்கே மாநில அளவில் பதிவு வந்ததே 1880களில்தான். மாசசூசெட்ஸில் ஊர் ஊராகத் தெளிவாக வந்த குடும்பம் நியூயார்க் எல்லையைத் தாண்டியதும் காணாமல் போவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அந்த நூறு வருஷப் பள்ளத்தைக் கடக்க நான் முதலில் போகும் இடம் உயில். கல்யாணமாகிப் போன மகள் அதில் கணவர் வீட்டுப் பெயரோடு வருவாள். வேறு எந்த ஏட்டிலும் அவளைப் பிடிக்க முடியாது. உயில் எழுதாமல் இறந்திருந்தால் நமக்கு இன்னும் நல்லது, நீதிமன்றமே வாரிசுகள் அத்தனை பேரையும் எழுதிப் பாகம் பிரிக்கும். காலனிக் கால மாசசூசெட்ஸிலும் கனெக்டிகட்டிலும் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மூத்த மகனுக்கு மற்றப் பிள்ளைகளைப் போல இரண்டு மடங்கு. இரட்டைப் பங்கு யாருக்குப் போனது என்று பார்த்தாலே மூத்தவர் யார் என்று தெரிந்துவிடும். கூடவே வரும் சாமான் பட்டியலையும் விட்டுவிடாதீர்கள். இறகு மெத்தை, ராட்டை, பியூட்டர் (வெள்ளீயக் கலவை) தட்டு, பன்றி என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருப்பார்கள். அந்த வீட்டுக்குள் நுழைந்து பார்ப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

அடுத்தது புரட்சிப் போர் ஓய்வூதியக் கோப்புகள். 1832 சட்டத்துக்குப் பிறகு வயதான வீரர்கள் நீதிமன்றத்துக்கு வந்து, எங்கே பிறந்தோம், எந்தப் படையில் இருந்தோம், பிறகு எந்தெந்த ஊரில் வாழ்ந்தோம் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். 1836க்குப் பிறகு விதவைகளும் கேட்கலாம், ஆனால் கல்யாணம் நடந்ததை நிரூபிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்கள் குடும்ப பைபிளில் பெயர்கள் எழுதிய பக்கத்தையே கிழித்து அனுப்பினார்கள். அந்தப் பக்கங்கள் இன்றும் தேசிய ஆவணக்காப்பகத்தில் கோப்புக்குள்ளேயே இருக்கின்றன. சம்பந்தி வீட்டிலேயே பழைய பைபிள் இருந்தால், முதலில் அது அச்சான ஆண்டைப் பாருங்கள். 1820இல் அச்சான பைபிளில் 1760 முதலான பிறந்தநாள்கள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால், அது யாரோ பின்னால் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியது.

இன்னொன்று. பெயருக்குப் பின்னால் சீனியர், ஜூனியர் என்று இருந்தால் தகப்பனும் மகனும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். சித்தப்பாவும் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். சீனியர் போய்ச் சேர்ந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். வலைத்தள வம்ச மரங்களில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

பேத்திக்கு: காகிதம் கிடைத்த தலைமுறை வரை பேனாவால் எழுதச் சொல்லுங்கள், அதற்கு மேல் பென்சில். ஆசிரியைக்கும் பிடிக்கும்.

கேள்வி: மருமகளின் முன்னோர் ஒருவரின் பிறந்தநாள் "பிப்ரவரி 1700/01" என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா, அல்லது எந்த ஆண்டு என்று அவர்களுக்கே தெரியவில்லையா?
– வாசகர், கும்பகோணம்

இரண்டும் இல்லை. எழுதியவர் விஷயம் தெரிந்தவர். 1752 வரை இங்கிலாந்தும் அதன் காலனிகளும் பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தன. ஆண்டு பிறப்பதும் ஜனவரி 1இல் அல்ல, மார்ச் 25இல். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் முக்கால் பாகம் எல்லாம் போன வருஷக் கணக்கில் சேரும். இரண்டு கணக்கையும் காட்டத்தான் அந்தச் சாய்கோடு. 1752 செப்டம்பர் 2ஆம் தேதி புதன்கிழமை படுத்தவர்கள் எழுந்தது செப்டம்பர் 14, வியாழக்கிழமை. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது பிப்ரவரி 11, 1731. இன்று நாம் சொல்வது பிப்ரவரி 22, 1732.

இதைத் தெரியாமல் படித்தால் மானம் போகும். கல்யாணம் 1700 மே, முதல் குழந்தை 1700 பிப்ரவரி என்று ஏட்டில் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு முன்பே குழந்தையா!" என்று என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் உண்டு. மே முடிந்து அடுத்து வருகிற பிப்ரவரிதான் அது. ஒன்பது மாதம், கணக்கு சரி. மாதத்தின் பெயருக்குப் பதில் "முதல் மாதம்", "இரண்டாம் மாதம்" என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம். பியூரிட்டன்கள், குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் ரோமானியத் தெய்வங்களின் பெயரைச் சொல்ல விரும்பாமல் எண் போட்டார்கள். அவர்களுக்கு அப்போது முதல் மாதம் மார்ச்.

கேள்வி: என் நண்பரின் முன்னோர் ஜெர்மனியிலிருந்து 1740களில் பென்சில்வேனியா வந்தவராம். எல்லிஸ் தீவில் அதிகாரிகள் அவருடைய குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்கிறார். அந்தப் பதிவை எங்கே தேடுவது?
– வாசகர், டொராண்டோ

எங்கேயும் தேடவேண்டாம். எல்லிஸ் தீவில் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892இல். அமெரிக்க அரசாங்கம் பயணிகள் பட்டியலைக் கட்டாயம் ஆக்கியதுகூட 1820இல்தான்.

ஆனால் உங்கள் நண்பருக்கு வேறு நல்ல செய்தி இருக்கிறது. காலனிக் காலத்தில் வந்தவர்களில், வந்து இறங்கிய நாளைக் காகிதத்தில் காட்டமுடிகிற பெரிய கூட்டம் ஜெர்மானியர்கள்தான். இத்தனை ஜெர்மானியர் வருகிறார்களே என்று பயந்த பென்சில்வேனியா நிர்வாகம், 1727 முதல் ஆண்களை பிலடெல்ஃபியாவில் நிறுத்தி, பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவைத்தது. அந்தப் பட்டியல்களில் பலர் தங்கள் கையாலேயே ஒப்பமிட்டிருக்கிறார்கள். பெயர் மாறியது அதற்குப் பிறகு, மெதுவாக. ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார், முல்லர் மில்லர் ஆனார். சிம்மர்மன் குடும்பத்தில் சிலர் தாங்களே கார்பென்டர் என்று வைத்துக்கொண்டார்கள். ஒப்பத்தில் இருக்கும் ஜெர்மன் எழுத்தை வைத்துத் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: சென்னை சட்டக் கல்லூரி வளாகத்தில் உள்ள பழைய கல்லறையில் யேல் பெயர் இருக்கிறது. எலிஹு யேல் அமெரிக்காவில் பிறந்தவர் என்றும் படித்தேன். இன்று அமெரிக்காவில் யேல் என்ற பெயரோடு இருப்பவர்கள் எல்லாம் அவர் வம்சமா?
– சட்ட மாணவி, சென்னை

ஒருவர்கூட இல்லை. பெயரை வைத்து வம்சம் பிடிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் உதாரணமே இவர்தான்.

எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தார். மூன்று வயதில் குடும்பம் அவரைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராக மதராசுக்கு வந்தார். 1680இல் கோட்டைக்குள் புதிதாகக் கட்டிய புனித மேரி தேவாலயத்தில் முதலில் பதிவான கல்யாணம் அவருடையது. மணமகள் கேத்தரின், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற கம்பெனி அதிகாரியின் விதவை. 1687இலிருந்து 1692 வரை யேல் மதராஸ் கவர்னர். நீங்கள் பார்த்த கல்லறையில் இருப்பது அந்த ஹின்மர்ஸும், யேல் தம்பதியின் சிறுவயதிலேயே இறந்த மகன் டேவிட்டும். யேலின் இன்னொரு மகனும் வாரிசில்லாமல் போய்விட்டான். மகள்கள் வழியில் இங்கிலாந்தில் வாரிசு உண்டு, ஆனால் யேல் என்ற பெயர் அவர் வழியில் தொடரவில்லை.

அப்படியானால் அமெரிக்காவில் உள்ள யேல்கள் யார்? எலிஹுவின் சித்தப்பா தாமஸ் யேல் ஊர் திரும்பாமல் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்டார். அவர் வழி வந்தவர்கள். குடும்பத்தைக் காலனிக்குக் கொண்டுவந்ததே எலிஹுவின் பாட்டி ஆன்தான். விதவையான பிறகு தியோஃபிலஸ் ஈட்டனை மறுமணம் செய்துகொண்டார். அந்த ஈட்டன்தான் நியூ ஹேவன் காலனியின் முதல் கவர்னர். எலிஹுவின் அத்தைக்கு மனநலம் கெட்டபோது, அவள் படிப்பிலும் எழுத்திலும் அளவுக்கு மீறி மூழ்கியதுதான் காரணம் என்று மாசசூசெட்ஸ் கவர்னர் ஜான் வின்த்ராப் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த வீட்டுப் பெயரில்தான் இன்று ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது! 1718இல் யேல் அனுப்பிய துணிமணிகளை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. கூடவே 417 புத்தகங்கள். அதற்குத்தான் அந்தப் பெயர்.

கேள்வி: வேலூரில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஐடா ஸ்கடர் அம்மையாரின் குடும்பம் காலனிக் காலத்துக் குடும்பமா?
– வாசகி, வேலூர்

ஆமாம், பாடநூலில் போடலாம் போன்ற ஒரு குடும்பம். தாமஸ் ஸ்கடர் 1640களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் இருந்தவர். அவர் பிள்ளைகள் நீரிணையைக் கடந்து லாங் ஐலண்டுக்குப் போனார்கள். அடுத்தடுத்த தலைமுறையில் ஒரு கிளை நியூ ஜெர்சிக்கு இறங்கியது. நியூ இங்கிலாந்தில் தொலைந்துபோன பெயரை லாங் ஐலண்டிலும் நியூ ஜெர்சியிலும் தேடு என்று எங்களுக்குள் ஒரு வழக்கமே உண்டு. நியூ ஜெர்சிக் கிளையில் வந்தவர் டாக்டர் நத்தானியேல் ஸ்கடர், புரட்சிக் காலத்தில் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய கான்டினென்டல் காங்கிரஸ் அவையின் உறுப்பினர். யார்க்டவுனில் ஆங்கிலேயர் சரணடைவதற்குச் சில நாள் முன், 1781 அக்டோபரில், உள்ளூர்ச் சண்டையில் சுடப்பட்டு இறந்தார். அந்த அவையின் உறுப்பினர்களில் போர்க்களத்தில் உயிர்விட்டவர் அவர் ஒருவர்தான். அவருடைய பேரன் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கும், பிறகு மதராசுக்கும் வந்தார். ஜானின் பேத்தி ஐடா, 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர்.

கேள்வி: என் கணவர் கறுப்பினத்தவர், வர்ஜீனியா குடும்பம். 1865க்கு முன்னால் எதுவும் தெரியாது என்று அவர்கள் வீட்டில் விட்டுவிட்டார்கள். காலனிக் காலம் வரை போவது நடக்கிற காரியமா?
– வாசகி, அட்லாண்டா

கடினம்தான், ஆனால் கைவிடவேண்டியதில்லை. அடிமையாக இருந்தவர்கள் எல்லோரும் முதல்முதலில் பெயரோடு வருவது 1870 சென்சஸில். 1850, 1860 ஆண்டுகளில் அவர்களுக்கென்று தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் உடைமையாளர் பெயர் இருக்கும். அவர்களுக்கோ வயது, பால், நிறம் மட்டும். ஆகவே 1870இல் அந்தக் குடும்பம் இருந்த மாவட்டத்தைப் பிடித்து, அங்கே நிலம் வைத்திருந்த வெள்ளைக் குடும்பங்களின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் படிக்கவேண்டும். மதுரை வாசகிக்குச் சாமான் பட்டியலை ரசித்துப் படியுங்கள் என்றேன். உங்கள் கணவருக்கு அதே பட்டியல் வேறு மாதிரி இருக்கும். கட்டிலுக்கும் பசுவுக்கும் நடுவில் மனிதர்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பவுண்டில் விலை. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

குடும்பப் பெயர் கடைசி எஜமானனுடையது என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். பலர் அதற்கு முந்தைய பெயரையோ, தாங்களே தேர்ந்தெடுத்த பெயரையோ வைத்திருந்தார்கள். விடுதலைக்குப் பின் 1865 முதல் 1874 வரை நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கியவர்கள் அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் பெயரையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அதை முதலில் பாருங்கள்.

முன்னோரில் யாராவது அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பே சுதந்திர மனிதராக இருந்திருந்தால் கதையே வேறு. 1662இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: குழந்தை அடிமையா இல்லையா என்பதைத் தாயின் நிலைதான் தீர்மானிக்கும். அடிமைகளைப் பெருக்குவதற்காகப் போட்ட கொடிய சட்டம். ஆனால் "என் பாட்டி சுதந்திரப் பெண்" என்று வழக்குப் போட்டவர்கள் தாய், பாட்டி, பூட்டி என்று பெண்வழியை நீதிமன்றத்தில் சொல்லவேண்டி வந்தது. வெள்ளைக் குடும்பங்களின் ஏடுகளில் பெண்கள் மறைந்துபோகிற அதே காலத்தில் இங்கே அவர்கள்தான் முதலில் நிற்கிறார்கள். 1793க்குப் பிறகு சுதந்திரக் கறுப்பர்கள் மாவட்டத்தில் பெயர் பதியவேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தப் பதிவேடுகளில் உயரம், தழும்பு உட்பட அடையாளம் இருக்கும்.

பூர்வீக ஊர் கடற்கரைப் பக்கம் நார்த்தாம்ப்டன் மாவட்டம் என்றால் கூடுதல் நம்பிக்கை வையுங்கள். உள்நாட்டுப் போரில் பல மாவட்டங்களின் ஏடுகள் எரிந்துபோயின. பத்திரமாக இருக்கட்டும் என்று ரிச்மண்டுக்கு அனுப்பியவை 1865 ஏப்ரலில் ரிச்மண்டோடு சேர்ந்து எரிந்தன. நார்த்தாம்ப்டன் ஏடுகள் 1632 முதல் விடாமல் இருக்கின்றன. 1621இல் வந்திறங்கி, பிறகு விடுதலை பெற்று, 1651இல் 250 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளரான ஆன்டனி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கரை நாம் அறிவது அந்த ஏடுகளால்தான்.

கேள்வி: என் தோழி டி.என்.ஏ. பரிசோதனை செய்து, "இங்கிலாந்து" என்று வந்துவிட்டது, அதனால் மேஃபிளவர் உறுதி என்கிறாள். சரியா?
– வாசகி, சிட்னி

இல்லை. இங்கிலாந்திலிருந்து போன வாரம் விமானத்தில் வந்தவருக்கும் அதேதான் வரும்.

பத்துத் தலைமுறைக்கு மேல் போனால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி பாதியாகக் கழிந்து வருவதால், அவர்களில் பலருடைய டி.என்.ஏ. நம் உடம்பில் துளிகூட இருக்காது. முன்னோர்தான், ஆனால் தடயம் இல்லை. பரிசோதனை பயன்படுவது கிட்டத்துச் சொந்தங்களைக் கண்டுபிடிக்க. உங்கள் தோழியின் மூன்றாவது சுற்றுச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் பெயர்கள் எழுதிய அந்தக் குடும்ப பைபிள் இருக்கலாம். ஆண்வழியில் ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு குடும்பம் ஒன்றுதானா என்று பார்க்க ஒய் குரோமோசோம் சோதனை நன்றாக உதவும்.

கேள்வி: என் அமெரிக்க மருமகனுக்கு அவர்கள் குடும்பச் சின்னம் போட்ட கோப்பை ஒன்று யாரோ பரிசளித்திருக்கிறார்கள். இதிலிருந்து முன்னோரைப் பிடிக்கலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

காபி குடிக்கலாம். இங்கிலாந்தில் அந்தச் சின்னங்கள் ஒரு மனிதருக்கும் அவர் நேர் வாரிசுக்கும் உரியவை, குடும்பப் பெயருக்கு உரியவை அல்ல.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. 1900களின் தொடக்கத்தில் பணக்கார அமெரிக்கர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு வம்சாவளி தயாரித்தவர் கஸ்டாவ் அஞ்சூ, சுவீடனில் பிறந்தவர். உண்மையான காலனிக் குடும்பத்தை உண்மையான இங்கிலாந்துப் பிரபு குடும்பத்தோடு, நடுவில் தானே எழுதிய ஓர் உயிலை வைத்து ஒட்டிவிடுவார். மேலும் கீழும் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. அவர் 1942இல் இறந்துவிட்டார், அவருடைய வம்சாவளிகள் சாகவில்லை. இன்றும் வலைத்தளங்களில் ஒருவரிடமிருந்து ஒருவர் நகலெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காலனிக் குடியேறிக்கு மேலே இங்கிலாந்தில் பிரபுக்களின் வரிசை தொடங்குகிறது என்றால், அந்த ஒட்டு எந்தக் காகிதத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: காலனிக் கால அமெரிக்காவில் நம் நாட்டவர் யாராவது இருந்தார்களா?
– வாசகர், சேலம்

இருந்தார்கள். வர்ஜீனியாவில் ஆள் ஒன்றுக்கு 50 ஏக்கர் என்று, ஆள் கொண்டுவந்தவருக்கு நிலம் கொடுத்தார்கள். அப்படி நிலம் கேட்டவர்கள் கொண்டுவந்தவர்களின் பெயர்ப் பட்டியல் கொடுக்கவேண்டும். 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் கொடுத்த பட்டியலில் "டோனி, கிழக்கிந்தியர்" என்று ஒரு பெயர் இருக்கிறது. இந்தியாவின் எந்தப் பகுதி என்று அதில் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. அவருக்குப் பின் வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் வேலையாட்களாக, அடிமைகளாகக் கிழக்கிந்தியர்கள் வருகிறார்கள், ஓடிப்போனவரைத் தேடும் விளம்பரங்களிலும் விடுதலை வழக்குகளிலும். ஒரு தலைமுறை கழிந்தால் குமாஸ்தா அவர்கள் பிள்ளைகளைக் கறுப்பர் என்றோ கலப்பினம் என்றோ எழுதிவிடுவார். அங்கே தடம் அறுந்துவிடும். அட்லாண்டா வாசகியின் கணவர் குடும்பத்தில்கூட அப்படி ஒருவர் இருக்க வாய்ப்பு உண்டு.

உங்கள் ஊர்ப் பெயருக்காக இன்னொன்றும் சொல்லவேண்டும். சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளில், 1790 டிசம்பரில், மாசசூசெட்ஸின் சேலத்தில் வில்லியம் பென்ட்லி என்ற போதகர், மதராசிலிருந்து வந்த ஒருவரை முதல்முறையாகப் பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதினார். நல்ல கறுப்பு, நீண்ட கருங்கூந்தல், உயரமான கட்டான உடல், மென்மையான முகம் என்று வர்ணித்திருக்கிறார். கப்பல் தலைவர் கிபோவோடு வந்தவராம். பென்ட்லி கப்பல் தலைவரின் பெயரை எழுதினார், மதராஸ்காரரின் பெயரை எழுதவில்லை. எனக்கு அதில் இன்னும் ஆத்திரம்தான்.

கேள்வி: எனக்கு இவ்வளவு பொறுமை இல்லை. காசு கொடுத்து ஆளை வைத்துத் தேடலாமா?
– வாசகர், திருச்சி

தேடலாம். ஆனால் "எங்கள் வம்சத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று சொல்லாதீர்கள், மணிக்கணக்கில் கட்டணம் ஏறும். "இன்னாருடைய மகள் இன்னாரை மணந்தாளா?" என்று ஒரே கேள்வியாகக் கொடுங்கள். அமெரிக்காவில் வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியம் 1964 முதல் இருக்கிறது, அதன் பட்டியலிலிருந்து ஆள் பிடியுங்கள். அறிக்கையோடு ஒவ்வொரு மூல ஆவணத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நகல் தராதவருக்கு மீதிப் பணம் தரவேண்டாம்.

அதற்கு முன் ஒரு சாயங்காலம் இலவசமாக ஃபேமிலிசர்ச் தளத்தில் உட்கார்ந்து பாருங்கள். 2024 முதல் பழைய நிலப் பத்திரங்கள், உயில்களின் கையெழுத்தைக் கணினியே படித்துத் தேட விடுகிறது. அட்டவணையில் வராத சாட்சிகள், பக்கத்து நிலத்துக்காரர்கள், மருமகன்கள் பெயரெல்லாம் வெளியே வருகின்றன. என் காலத்தில் இது இருந்திருந்தால் எங்கள் நூலகத்தின் மைக்ரோஃபிலிம் இயந்திரத்துக்கு எப்போதோ ஓய்வு கொடுத்திருப்போம்.